பெப்பர் ஸ்ப்ரே: வாங்குவதிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் வரை

வேலைக்குப் போகும் மகளுக்கோ, வெளியூர் ஹாஸ்டலில் சேரும் தங்கைக்கோ ஒரு பெப்பர் ஸ்ப்ரே வாங்கிக் கொடுப்பது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் அந்தக் கேன் ஹேண்ட்பேக்கின் அடியில், சீப்புக்கும் சார்ஜருக்கும் கீழே, உறைகூடப் பிரிக்காமல் கிடந்தால் யாரையும் காப்பாற்றாது. எது வாங்குவது, எங்கே வைப்பது, எப்படி அடிப்பது, அடித்த பிறகு என்ன செய்வது, சட்டம் எதுவரை துணை நிற்கும் என்பதையெல்லாம் வாங்கிக் கொடுப்பவர்களும் வைத்திருப்பவர்களும் சேர்ந்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். பெப்பர் ஸ்ப்ரே எதிராளியை வீழ்த்தும் ஆயுதம் என்று நினைத்து வாங்காதீர்கள். நீங்கள் ஓடித் தப்பிக்கச் சில வினாடிகளை அது வாங்கித் தரும். கீழே சொல்லப் போகும் எல்லாமே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

உள்ளே இருப்பது என்ன

மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினும் அதன் உறவுப் பொருள்களும் அடங்கிய எண்ணெய்ப் பசைதான் மூலப்பொருள். ஓலியோரெசின் கேப்சிகம் என்பார்கள், லேபிளில் ஓ.சி. என்று இருக்கும். சூட்டை உணர்வதற்கென்று நம் நரம்பு முனைகளில் இருக்கும் ஏற்பியைக் கேப்சைசின் தூண்டிவிடுகிறது. அதனால்தான் தோலில் பட்டால் நெருப்புச் சுட்டது போல எரிகிறது. (இந்த ஏற்பியைக் கேப்சைசினை வைத்தே கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) கண்ணில் பட்டால் இமைகள் தாமாக இறுக மூடிக்கொள்ளும், கண்ணீர் கொட்டும். மூச்சில் போனால் இருமலும் மூச்சுத் திணறலும் வரும். பெரும்பாலானவர்களுக்கு இந்த அவஸ்தை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை இருக்கும். அதன் பிறகு மெல்ல மெல்லத் தணியும்.

கடையில் "20 லட்சம் எஸ்.எச்.யூ." (காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகு) என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எண் பெரும்பாலும் கலக்குவதற்கு முன் இருந்த பசையின் காரத்தைக் குறிக்கும். அதே பசை கேனில் 10 சதவீதம்தான் கலந்திருக்கிறது என்றால், வெளியே வரும் திரவத்தின் காரம் அதில் பத்தில் ஒரு பங்கு. ஓ.சி. சதவீதமும் இதே போலத்தான் ஏமாற்றும்: காரம் குறைந்த பசையை 15 சதவீதம் கலந்ததைவிட, காரமான பசையை 5 சதவீதம் கலந்தது வேகமாக வேலை செய்யலாம். பார்க்க வேண்டிய எண் முதன்மைக் கேப்சைசினாய்டுகளின், அதாவது உண்மையில் காரம் தரும் கேப்சைசின் வகைப் பொருள்களின் சதவீதம். தரமான தயாரிப்புகளில் இது சுமார் 0.18-லிருந்து 1.33 வரை இருக்கும். நம் ஊரில் விற்பவற்றில் பல இதைப் போடுவதே இல்லை. போட்டிருப்பது கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தயாரிப்பாளர் முகவரி மூன்றும் தெளிவாக அச்சாகியிருப்பதையாவது பார்த்து வாங்குங்கள். தேதியே இல்லாத கேனை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

எந்த வகை

பீய்ச்சும் விதத்தில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நேர் தாரையாகப் போவது, பனிமூட்டம் போல விரிவது, ஜெல் என்று பொதுவாக மூன்று.

பனிமூட்ட வகைக்குத் துல்லியமாகக் குறி பார்க்க வேண்டியதில்லை. விரிந்து போய் முகம் முழுவதும் படும், மூச்சிலும் ஏறும். ஆனால் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் போகாது. எதிர்க்காற்று இருந்தால் பாதி உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். மெரினாவிலோ மொட்டை மாடியிலோ பறக்கும் ரயில் நிலைய நடைமேடையிலோ காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கணக்குப் போட்டு நிற்க யாருக்கும் நேரம் இருக்காது. தாரை வகை மூன்று நான்கு மீட்டர் போகும், காற்றுக்கு ஓரளவு தாங்கும்; ஆனால் கண்ணைப் பார்த்து அடிக்க வேண்டும். ஜெல் இன்னும் தூரம் போகும், ஒட்டிக்கொள்ளும், திரும்பி வருவது மிகக் குறைவு. அதன் குறை, மூச்சில் அதிகம் ஏறாது. கண்ணில் நேராகப் பட்டால்தான் பலன். எதிராளி கண்ணாடி போட்டிருந்தால் ஜெல் அதன் மேலேயே நின்றுவிடும்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடப்பவர்களுக்கும், ஷிப்ட் முடிந்து பார்க்கிங்கில் வண்டி எடுப்பவர்களுக்கும் தாரை வகையைத்தான் நான் சொல்வேன். பழகுவது எளிது, காற்றும் பெரிய தொந்தரவு இல்லை.

அடுத்து, கேனின் மேற்பகுதி. உதட்டுச்சாய டப்பா போல மூடியைக் கழற்றிவிட்டு அழுத்தும் மாடல்கள் பார்க்க அழகாக இருக்கும், வாங்காதீர்கள். மூடியைக் கழற்ற இரண்டு கை வேண்டும். ஒரு கையை ஏற்கெனவே யாரோ பிடித்திருக்கலாம். கட்டை விரலால் மூடியைத் தூக்கி அதே விரலால் அழுத்துகிற மாடலோ, கட்டை விரலால் திருகி லாக் எடுக்கிற மாடலோ நல்லது. கட்டை விரல் மேலே, மற்ற நான்கு விரல்களும் கேனைச் சுற்றி இறுக்கமாக இருக்கும்போது பிடுங்குவது கடினம். சென்ட் பாட்டில் மாதிரி ஆள்காட்டி விரலால் அழுத்துவதில் இந்தப் பிடி வராது. இருட்டில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று விரலால் தடவியே தெரிய வேண்டும். துளையைத் தன் பக்கம் திருப்பி வைத்து அடித்துக்கொள்வது பதற்றத்தில் சாதாரணமாக நடக்கும் விஷயம்.

வீட்டில் மிளகாய்த்தூளைப் பொட்டலமாக மடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் வெகுகாலமாக உண்டு. எதுவும் இல்லாததற்கு அது இருக்கட்டும் என்பீர்கள். ஆனால் தூள் காற்றில் சிதறும், ஒரு கை நீளத்துக்கு மேல் போகாது, ஈரம் பட்டால் கட்டியாகிவிடும், பொட்டலத்தைப் பிரிக்க இரண்டு கை வேண்டும். மிளகாய்த்தூளைத் தண்ணீரில் கரைத்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றுவது இன்னும் மோசம். கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது. காரம் தூளிலேயே தங்கிவிடும், அந்தத் தூள் துளையை அடைத்துக்கொள்ளும். தேவைப்படும் நேரத்தில் இரண்டு சொட்டு வடியும். முந்நூறு நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

எங்கே வைப்பது

கேனின் தரத்தைவிட முக்கியமான கேள்வி இது. 1983-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ் அதிகாரி டென்னிஸ் டூலர் ஒரு விஷயத்தை அளந்து காட்டினார்: 21 அடி தள்ளி நிற்கும் ஆள் பாய்ந்து வந்து உங்களைத் தொட ஏறக்குறைய ஒன்றரை வினாடி போதும். 21 அடி என்பது ஆறரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் தெருவில் எதிர்வீட்டு வாசல் தூரம். அந்த ஒன்றரை வினாடியில் பை ஜிப்பைத் திறந்து, துழாவி, எடுத்து, லாக்கை நீக்கி, குறி பார்த்து அடிப்பது நடக்காத காரியம்.

அதனால் ஆளில்லாத தெருவில் நடக்கத் தொடங்கும் முன்பே கேன் கையில் இருக்க வேண்டும். மூடிய உள்ளங்கைக்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது. சுடிதார், குர்த்தாவில் பாக்கெட் இருந்தால் பழக்கமான கைப் பக்கத்துப் பாக்கெட். அதில் வேறு எதுவும் போடக் கூடாது. சேலை கட்டுபவர்கள் மணிக்கட்டில் மாட்டும் வார் உள்ள கேனாக வாங்கிக் கையிலேயே வைத்துக்கொள்வது மேல். பைதான் வழி என்றால் ஜிப் இல்லாத வெளிப்பக்க அறை, எப்போதும் ஒரே அறை.

சாவிக்கொத்தில் மாட்டும் கேன்கள் நிறைய விற்கின்றன. ஸ்கூட்டரில் சாவி போட்டிருக்கும்போது கேன் வண்டியில் தொங்கும். சிக்னலில் யாராவது வம்பு செய்தால் வண்டியை அணைத்துச் சாவியை உருவ வேண்டும். வெயிலில் நாள் முழுக்கத் தொங்கினால் சூடும் ஏறும். உள்ளே அழுத்த வாயு இருப்பதால் 50 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று பொதுவாக லேபிளிலேயே இருக்கும். சித்திரை வெயிலில் மூடிய காரின் உள்ளே அந்தச் சூடு சர்வ சாதாரணமாக வந்துவிடும். காரின் டேஷ்போர்டும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியும் கேனுக்கான இடங்கள் அல்ல. வெடிக்காவிட்டாலும் வாஷர் தளர்ந்து மெல்லக் கசியும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வாங்கிய அன்றே சமையலறை டிஜிட்டல் தராசில் கிராம் கணக்கில் எடை பார்த்து, ஒரு பிளாஸ்திரித் துண்டில் தேதியோடு எழுதி கேனில் ஒட்டிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி நிறுத்துப் பாருங்கள். அடிக்காமலே எடை குறைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். அதே நாளில் நன்றாகக் குலுக்கியும் வையுங்கள். பசை அடியில் தங்கிவிட்டால் முதலில் வெறும் கரைப்பான்தான் வெளியே வரும்.

அடிப்பது எப்படி

வாங்கிய வாரத்தில் ஒரு தடவை அடித்துப் பார்க்க வேண்டும். திறந்த வெளி, காற்று முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும், சுற்றிலும் குழந்தைகளோ பிராணிகளோ இருக்கக் கூடாது. அரை வினாடி, தரையை நோக்கி. எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு விரிகிறது, எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு துளையைப் பழைய துணியால் துடைத்து, துணியைப் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுங்கள். கையில் ஒட்டிய காரம் ராத்திரி லென்ஸ் கழற்றும்போது கண்ணுக்குப் போகும். மற்றப் பயிற்சியெல்லாம் லாக் போட்ட கேனிலேயே செய்யலாம்: எடுப்பது, நீட்டுவது, கட்டை விரலை வைப்பது. கண்ணை மூடிக்கொண்டும் சரியாக வரும்வரை செய்யுங்கள்.

உண்மையான நேரத்தில் வரிசை இது. சந்தேகம் வந்ததும் கேன் உள்ள கை உடம்பை ஒட்டி இருக்கட்டும். மற்றக் கையின் உள்ளங்கையை முன்னே நீட்டுங்கள். அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்து, "கிட்ட வராதே! தள்ளிப் போ!" என்று கத்துங்கள். திட்டவோ விவாதம் செய்யவோ வேண்டாம். குட்டையான கட்டளைதான் பயத்திலும் நினைவுக்கு வரும். சுற்றியிருப்பவர்கள் காதில் விழுவதும் அதுவாகவே இருக்கும். பிறகு சாட்சி சொல்ல வந்தால் நீங்கள் விலகச் சொன்னதை அவர்கள் சொல்வார்கள். பெரும்பாலான சில்லறை வம்புகள் இந்தச் சத்தத்திலேயே முடிந்துவிடும்.

அப்போதும் நெருங்கினால், இரண்டு மூன்று மீட்டரில் அடியுங்கள். ஒரு காதிலிருந்து மறு காதுவரை கண் மட்டத்தில் கோடு இழுப்பது போல, ஒரு வினாடி. உடனே ஒரு பக்கமாக இரண்டு அடி நகருங்கள். கண் மூடிய ஆளும் கடைசியாக நீங்கள் நின்ற இடத்தை நோக்கிப் பாய்வான். நிற்கவில்லை என்றால் இன்னொரு வினாடி. ஒரே மூச்சில் முழுவதையும் காலி செய்துவிடக் கூடாது. சிறிய கேனில் மொத்தமே சில வினாடிகளுக்குத்தான் சரக்கு. இரண்டாவது ஆள் இருக்கலாம்.

பிறகு ஓட வேண்டும். பலன் தெரிகிறதா என்று நின்று பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. குடிபோதையில் இருப்பவனுக்கும் கண் மூடும் என்றாலும், சிலர் கண் மூடியபடியே கையைப் பிடித்துவிடுவார்கள். வெளிச்சமும் ஆளும் உள்ள பக்கம் ஓடுங்கள்: டீக்கடை, மெடிக்கல் ஷாப், பெட்ரோல் பங்க், ஏ.டி.எம். காவலாளி. உதவி கேட்கும்போது பொதுவாகக் கத்தாமல் ஒருவரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: "சிவப்புச் சட்டை அண்ணா, போலீஸுக்குப் போன் பண்ணுங்க!" கூட்டத்தில் ஒருவரைத் தனியாகச் சுட்டினால்தான் அவர் அசைவார்.

அடிக்கக் கூடாத இடங்களையும் சொல்ல வேண்டும். மூடிய அறை, லிஃப்ட், ஏ.சி. பஸ், கார். 2014 பிப்ரவரி 13 அன்று தெலங்கானா மசோதாவின்போது மக்களவைக்குள் லகடபாடி ராஜகோபால் என்ற உறுப்பினர் பெப்பர் ஸ்ப்ரே அடித்தார். அவ்வளவு பெரிய மண்டபத்திலேயே உறுப்பினர்கள் இருமிக்கொண்டு வெளியேறினார்கள், சிலரை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். லிஃப்டில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஓடும் ஆட்டோவிலோ டாக்சியிலோ ஓட்டுநர் முகத்தில் அடித்தால் வண்டி எங்கே போய் மோதும் என்று சொல்ல முடியாது. அங்கே லொகேஷன் பகிர்வது, 112, சிக்னலில் கதவைத் திறந்து இறங்குவது, இவைதான் வழி. கேஸ் அடுப்போ விளக்கோ எரியும் இடத்திலும் வேண்டாம். பல கேன்களில் கரைப்பானும் வாயுவும் தீப்பற்றக் கூடியவை.

சங்கிலிப் பறிப்புக்கும் இது பயன்படாது. பைக்கில் வருபவன் ஹெல்மெட் போட்டிருப்பான், இரண்டு வினாடியில் போய்விடுவான். வண்டிகள் எதிரே வரும் பக்கமாக நடப்பதும், சங்கிலியைத் துப்பட்டாவோ முந்தானையோ போட்டு மூடிக்கொள்வதும்தான் முன்னெச்சரிக்கை. பறித்துவிட்டால் சங்கிலியைப் பிடித்து இழுக்காதீர்கள். ஓடும் வண்டியோடு இழுபட்டு விழுந்து தலையில் அடிபடுவது தங்கத்தைவிடப் பெரிய இழப்பு. வண்டியின் நிறத்தையும் எண்ணில் கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கள்.

நெரிசலான பஸ்ஸில் உரசுபவனுக்கும் ஸ்ப்ரே கூடாது. பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கும் ஆஸ்துமா உள்ள பாட்டிக்கும் சேர்த்துப் படும். அங்கே நம் அம்மாக்கள் கையில் வைத்திருந்த ஊக்குதான் இன்றும் சரியான கருவி. அதோடு நடத்துநரிடம் சத்தமாகச் சொல்லி வண்டியை நிறுத்தச் சொல்வதும்.

உங்கள் மேல் பட்டால்

தேய்க்காதீர்கள். காற்றோட்டமான இடத்துக்கு வந்து, கண்ணை வேகமாகச் சிமிட்டுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிய கையால் கழற்றிப் போட்டுவிட வேண்டும். அதை மறுபடி போடக் கூடாது. குழாயில் குளிர்ந்த தண்ணீரை விட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் கண்ணைக் கழுவுங்கள். தோலை எண்ணெய்ப் பசை இல்லாத சோப்பாலோ குழந்தைகள் ஷாம்பூவாலோ கழுவலாம். தேங்காய் எண்ணெய், வாஸ்லின், க்ரீம் எதுவும் தடவ வேண்டாம். காரத்தை எண்ணெய் கரைத்துத் தோல் முழுக்கப் பரப்பிவிடும். பால் ஊற்றச் சொல்வார்கள். தண்ணீரைவிட அது பெரிதாக எதுவும் செய்துவிடுவதில்லை, கண்ணுக்குச் சுத்தமானதும் இல்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு வந்தாலோ, ஒரு மணி நேரம் கழித்தும் பார்வை தெளியாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

கத்தி ஏன் வேண்டாம்

"ஸ்ப்ரே எதற்கு, சின்னக் கத்தி ஒன்று பையில் இருக்கட்டும்" என்று சொல்பவர்களுக்குத் தெளிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். கத்தி வேலை செய்ய வேண்டுமென்றால் எதிராளி கை நீளத்துக்குள் வர வேண்டும். நாம் தவிர்க்க நினைப்பதே அந்த நெருக்கத்தைத்தான். உடல் பலத்தில் மிஞ்சியவன் மணிக்கட்டைத் திருகினால் கத்தி அவன் கைக்குப் போய்விடும். ஸ்ப்ரேயைப் பிடுங்கி உங்கள் மேல் அடித்தால் ஒரு மணி நேர அவஸ்தை. கத்தியைப் பிடுங்கினால் அப்படி முடியாது.

சட்டத்திலும் சிக்கல் உண்டு. ஆயுதச் சட்டம் 1959-ன் கீழான விதிகளில், வீட்டு, விவசாய, தொழில் பயன்பாட்டுக்கு அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. "அப்படியானால் எட்டரை அங்குலம் வைத்துக்கொள்ளலாமே" என்று கேட்காதீர்கள். ராத்திரி ரோந்தில் பையில் கத்தியோடு நிற்பவர் ஸ்கேலை எடுத்துக் காட்டித் தப்பிக்க முடியாது. அதைப் பயன்படுத்திக் காயம் ஏற்பட்டால் எவ்வளவு ஆழம், எத்தனை குத்து என்று ஒவ்வொன்றுக்கும் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும்.

துப்பாக்கி பற்றி ஒரு பத்தி போதும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டங்களில் கலெக்டரிடமும் சென்னை போன்ற நகரங்களில் போலீஸ் கமிஷனரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை அறிக்கை வந்த பிறகே முடிவாகும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு சிறை. அன்றாடப் பாதுகாப்புக்கு இது வழியே இல்லை.

தொட்டு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவிகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உடம்பில் தொட்டு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், தடித்த துணி தடுத்துவிடும், சார்ஜ் போட மறந்தால் வெறும் பிளாஸ்டிக். விரல்களுக்கு நடுவில் சாவியை வைத்துக் குத்துவதும் உங்கள் விரலைத்தான் கிழிக்கும். ஸ்ப்ரேயோடு துணைக்கு ஒரு விசிலும் சிறிய டார்ச்சும் இருந்தால் நிறைவு.

சட்டம் எதுவரை

பெப்பர் ஸ்ப்ரே வைத்திருக்க நம் நாட்டில் ஆயுத உரிமம் தேவையில்லை. அதற்காக எப்படியும் அடிக்கலாம் என்று ஆகிவிடாது. 2024 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு தகராறில் ஸ்ப்ரே அடித்தவர்கள் மேலிருந்த வழக்கை ரத்து செய்ய மறுத்தது. தற்காப்புக்காக அடித்தோம் என்று அவர்கள் சொன்னார்கள்; உயிருக்கு உடனடி ஆபத்து இருந்ததாக முதல் நோக்கில் தெரியவில்லை, பெப்பர் ஸ்ப்ரே ஆபத்தான ஆயுதம்தான் என்றது நீதிமன்றம். ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துவதற்கு இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. பார்க்கிங் சண்டை, வாடகைத் தகராறு, பக்கத்து வீட்டுக்காரரோடு வாக்குவாதம், இவற்றுக்குக் கேனை எடுக்கவே கூடாது.

உண்மையான தற்காப்பில் சட்டம் உங்கள் பக்கம் வலுவாகவே நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் இதைப் பற்றியவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவை. 40-வது பிரிவின்படி, உடலுக்கு ஆபத்து வரும் என்று நியாயமான அச்சம் எழுந்த நொடியிலேயே உரிமை தொடங்கிவிடும். முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அச்சம் நீடிக்கும்வரை உரிமையும் நீடிக்கும். அது முடிந்ததும் உரிமையும் முடியும். 37-வது பிரிவு இரண்டு எல்லைகளைப் போடுகிறது: தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது, போலீஸை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையை எடுத்துக்கொள்ள முடியாது. கண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவனை மேலும் உதைப்பதும், மறுநாள் ஆள் சேர்த்துக்கொண்டு போய் அடிப்பதும் தற்காப்பில் வராது.

38-வது பிரிவு எதிராளியின் உயிர் போனாலும் குற்றமாகாத ஏழு நிலைமைகளைச் சொல்கிறது. கொலை அச்சம், கொடுங்காயத்தின் அச்சம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு எல்லாம் அதில் அடங்கும். ஆசிட் வீச்சு 2013 திருத்தத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. 2012-ல் மதுரையில் மகளைத் தன் கணவரிடமிருந்து காப்பாற்றக் கிரிக்கெட் மட்டையால் அடித்த ஒரு தாயையும், 2021 தொடக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில் கத்தியோடு வந்தவனிடமிருந்து தப்பப் போராடிய 19 வயதுப் பெண்ணையும், எதிராளி இறந்துவிட்ட நிலையிலும் போலீஸ் இந்தத் தற்காப்புப் பிரிவின் அடிப்படையில் விடுவித்தது. சம்பவம் நடந்த விதத்தைச் சூழ்நிலையும் தடயங்களும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு அதைச் சொல்பவருடையது. சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட அளவுக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

அதனால் அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் 112-க்கு நீங்களே முதலில் அழைத்து, இடம், என்ன நடந்தது, ஸ்ப்ரே அடித்தது, அந்த ஆள் எந்தப் பக்கம் போனான் என்று சொல்லுங்கள். அழைப்பின் நேரம் பதிவாகும். பெண்களுக்கு 181 எண்ணும் உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியையும் போனில் முன்கூட்டியே போட்டு வையுங்கள். பவர் பட்டனைத் தொடர்ந்து அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதி உங்கள் போனில் எத்தனை அழுத்தத்துக்கு என்று இன்றே செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகார் எழுத்தில் இருக்கட்டும். சம்பவ நேரம், இடம், வெளிச்சம் எப்படி இருந்தது, அவன் சொன்ன வார்த்தைகள், நீங்கள் விலகச் சொன்னது, எத்தனை முறை அடித்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள், எல்லாம் வரிசையாக. அடித்ததை மறைக்காதீர்கள். எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைய வேண்டாம். எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் முதல் தகவல் பதிய இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-வது பிரிவில் இடம் தருகிறது. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். உடனே பதியவில்லை என்றால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். உடம்பில் கீறலோ கன்றிப்போன தடமோ இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள். கிழிந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பக்கத்துக் கடைகளில் சி.சி.டி.வி. இருந்தால் புகாரிலேயே கடைப் பெயரை எழுதுங்கள். பல இடங்களில் பழைய பதிவுகள் சில நாளில் தானாக அழிந்துவிடும்.

விமானத்தில் போகும்போது கேனைக் கைப்பையிலும் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியிலும் வைக்காதீர்கள், இரண்டிலும் தடை. போகும் ஊரில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். வெளிநாடு என்றால் அங்கே அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். பிரிட்டனில் பெப்பர் ஸ்ப்ரே துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட ஆயுதம். படிக்கப் போகும் பிள்ளைகளுக்குப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள்.

தற்காப்புக்கு ஒரு முறை பயன்படுத்திய கேனில் மிச்சம் இருந்தாலும் மறுபடி எடுத்துப் போக வேண்டாம். துளையில் பசை உலர்ந்து அடைத்திருக்கும், எவ்வளவு மீதி என்றும் தெரியாது. புதிதாக ஒன்று வாங்கி, எடை பார்த்துத் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள். பழையதைப் போலீஸ் கேட்கக்கூடும் என்பதால் வழக்கு முடியும்வரை பத்திரமாக வையுங்கள். வழக்கு எதுவும் இல்லாவிட்டால் திறந்த வெளியில், காற்றுப் போகும் பக்கமாக முழுவதையும் அடித்துக் காலி செய்த பிறகே குப்பையில் போட வேண்டும். குப்பை பிரிக்கும் பணியாளர் கையில் அழுத்தத்தோடு இருக்கும் கேன் போகக் கூடாது.